இலைச் சத்தும் ஆலை மகளிரும்

ஸ்ரீபெரும்புதூர் எத்தகைய ஊர் என்று எங்கள் இல்லத்தில் வினவுவார்க்கு மூன்று விடைகள் கிடைக்கும். என் பாட்டியார், அஃது இராமாநுசர் பிறந்த ஊர் என்பார். நாங்கள் கிறிஸ்தவக் குடியினரேயாயினும், சித்திரைத் திருவாதிரையன்று அண்டை அயலார் அவ்வூர்க்குத் திரளாகச் செல்வதை இளமைதொட்டுக் கண்டவர் அவர். என் தந்தையார், 1991-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாளிரவு ராஜீவ் காந்தி உயிர் துறந்த ஊர் என்பார். என் தமக்கையோ, "காலை ஐந்து மணிக்கு வண்டி வருமே, அந்த ஊர்" என்பாள். மூன்றும் மெய்யே. எனினும், இன்று அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையிற் செல்லும் சாலையில் விடியற்காலத்தே நின்று நோக்குவார்க்கு, என் தமக்கையின் விடையே முதற்கண் புலப்படும். வண்டி வண்டியாகப் பெண்கள் வருவர். பெரும்பாலார் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட அகவையினர். தென் மாவட்டங்களிலிருந்து வந்தோரும், வட மாநிலங்களிலிருந்து வந்தோரும், எங்களைப் போல அருகிலுள்ள சிற்றூர்களில் பிறந்தோரும் அவருள் உளர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சோற்றுப் பாத்திரம், கண்ணில் உறக்கம். உலகோர் செவியில் வைத்துப் பேசும் கைப்பேசிகளையும், மோட்டார் வண்டிகளின் உறுப்புக்களையும் கோப்பன இப்பெண்களின் விரல்கள்.

யான் எழுதப் புகுந்தது இம்மகளிரைப் பற்றியும், இவர்தம் உடலகத்தே ஓயாது உழைக்கும் ஒரு நொதியைப் பற்றியும் ஆம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் நன்னூலும் யாப்பும் பயிலும் ஒருத்திக்கு நொதியினிடத்து என்ன அலுவல் என்று என் தோழியர் நகைத்தனர். நகைப்பு நியாயமே. ஆதலின் காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என் தமக்கை தன் பத்தொன்பதாம் அகவையில் ஆலையொன்றிற் சேர்ந்தாள். இருபத்து நான்காம் அகவையில் மணந்தாள். மணந்த பின்னும் பணியை விட்டிலள். தான் கருவுற்றிருப்பதை அவள் அறிந்தபொழுது இரண்டு திங்கள் கழிந்திருந்தன. இரவுப் பணியும் பகற் பணியும் மாறி மாறி வரும் வாழ்க்கையில் நாட்கணக்குப் பிறழ்வது வியப்பன்று. அறிந்த மறுநாளே அரசாங்கத்தாரின் சுகாதார நிலையத்துக்குச் சென்றாள். ஃபோலிக் அமில மாத்திரை தந்தனர். ஒரு வேளையும் தவறாது உண்டாள். ஐந்தாம் திங்களில் ஒலியலைப் படம் எடுத்தபொழுது, குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்பது தெரிந்தது. பிறந்தால் பிழைக்கவொண்ணாத குறை அது. அதன்பின் நிகழ்ந்ததை யான் விரித்தெழுத வேண்டுவதில்லை.

அன்று அவளைக் கண்ட பெண் மருத்துவர் அன்புடையவர். "இந்த மாத்திரையை நீ மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டிருக்கணும், அம்மா" என்று அவர் கூறினார். கடிந்து கூறவில்லை, வருந்தியே கூறினார். என் தமக்கை கேட்டாள்: "மூன்று மாதத்துக்கு முன்னாலே நான் யாரிடம் போய் என்ன சொல்லிக் கேட்டிருப்பேன், டாக்டர்?" அவ்வினாவுக்கு அவரும் விடை கூறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து தோன்றியது. ஒரு தனிக் கருவுக்கு நேர்ந்த குறையை, இன்ன ஒன்றினாலேயே நேர்ந்ததென்று அறுதியிட்டுரைப்பார் எவருமிலர் என்பதை யான் அறிவேன். ஆயினும், பதின்மர்க்கு நேர்வதில் எழுவர்க்கு நேராமற் காக்கும் வழியொன்று இருக்க, அது வேண்டுவார் கைக்கு வேண்டும் காலத்தே எட்டாதிருத்தல் யாது காரணம் என்று கேட்பது பிழையாகாது.

நிற்க. நம் கல்லூரி விலங்கியல் ஆசிரியையார் ஒருவர், யான் சென்று வினவியபொழுது, உணவு வேளையையும் பொருட்படுத்தாது கரும்பலகையில் வரைந்து விளக்கினார். அவரிடம் கேட்டவற்றை என் மொழியிற் கூறுகின்றேன்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிளவுபடுமுன், தன் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் ஏட்டினை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்தாக வேண்டும். அவ்வேடு நான்கே எழுத்துக்களால் ஆயது: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். இவற்றுள் தைமினே ஈண்டு நம் கருத்துக்குரியது. டி.என்.ஏ.யின் உடன்பிறப்பாகிய ஆர்.என்.ஏ.யில் தைமின் இல்லை. அதனிடத்தில் யுராசில் நிற்கும். இரண்டுக்கும் வேற்றுமை மிகச் சிறிது. யுராசிலின்மேல் ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கூடிய சிறு தொகுதியொன்று ஏறினால் அது தைமின் ஆகும். உயிர்மெய் எழுத்தின்மேல் புள்ளியிட்டால் மெய்யெழுத்தாவதைப் போல என்று யான் கூற, ஆசிரியையார் சிரித்து, "அப்படியே வைத்துக்கொள்" என்றார்.

இப்புள்ளியை ஏந்திவந்து இடுவது, ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் ஒரு வடிவமாகிய டெட்ராஹைட்ரோஃபோலேட். புள்ளியிட்ட மாத்திரத்தில் அது புள்ளியை மட்டுமன்றித் தன் ஹைட்ரஜன் இரண்டினையும் இழந்து, டைஹைட்ரோஃபோலேட் ஆகி நிற்கும். மையற்ற எழுதுகோல் ஒக்கும் அந்நிலை. அதற்கு மீண்டும் மையூற்றித் தருவதே நாம் கூறவந்த நொதியின் தொழில். அதன் பெயர் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். 187 அமினோ அமிலங்களைக் கோத்த சிறு புரதம். அதனை ஆக்கும் மரபணு நம் ஐந்தாம் குரோமோசோமில் உள்ளது. அடினைன், குவானைன் என்னும் எழுத்துக்களின் யாக்கையை அமைப்பதற்குங்கூட இதே ஃபோலேட்தான் கார்பனைச் சுமந்து வரும். ஆகலின், இந்நொதி நின்றுவிடின் மை தீரும். மை தீரின் எழுத்து நிற்கும். எழுத்து நிற்பின் உயிரணு பெருத்து வளருமேயன்றிப் பிளவுபடாது.

(நம் பாடநூல்கள் 'ரிடக்டேஸ்' என்பதை ஒடுக்கும் நொதி எனப் பெயர்க்கின்றன. வேதியியற்கு அது பொருந்தலாம். ஆயினும் இழந்ததை மீட்டுத் தருவதையே தொழிலாகவுடைய ஒன்றினை ஒடுக்கி என்றழைக்க எனக்கு மனமில்லை.)

நம் உடலில் விரைந்து பெருகும் உயிரணுக்கள் உள்ள இடங்களிலேயே இந்நொதியின் தேவை மிகுதி. எலும்புச் சோற்றில் குருதியணுக்கள் நாளும் பிறந்தவண்ணம் உள்ளன. அவற்றினும் விரைவாகப் பெருகுவது கரு. கருவுற்ற இருபத்தெட்டாம் நாளுக்குள், தண்டுவடத்துக்கும் மூளைக்கும் வித்தாகிய நரம்புக் குழல் மூடிவிட வேண்டும். மேற்புறம் மூடாதொழியின் மண்டையோடில்லாக் குழந்தை. கீழ்ப்புறம் மூடாதொழியின் முதுகுத்தண்டு பிளந்த குழந்தை. இருபத்தெட்டு நாள் என்பதை வாசகர் சற்றே எண்ணிப் பார்க்க. தூரம் தள்ளிப்போயிற்று என்று ஒருத்தி ஐயுறுவதற்கே அந்நாட்களிற் பாதி கழிந்துவிடும். அவள் நாணம் நீங்கி, விடுப்புப் பெற்று, மருத்துவரைக் காண்பதற்குள் குழலின் கதை முடிந்திருக்கும். மாத்திரை நல்லதே; அது வரும் நாள்தான் பொருந்தாதது.

இவ்வரலாற்றின் வேர்கள் நம் சென்னையிலேயே உள்ளன என்பது யான் எதிர்பாராத செய்தி. 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற மகளிர்க்கு நேரும் கொடிய சோகை நோயினை ஆராய்வதற்காகப் பம்பாய்க்கு வந்தார். அவர் கண்ட நோயாளருள் பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர். அவர்தம் குருதியணுக்கள் எண்ணிற் குறைந்து, அளவிற் பருத்திருந்தன. பெருத்து வளரும், பிளவுபடாது என்று மேலே கூறினேனே, அதுவே அது. வில்ஸ் அம்மையார் நீலகிரியின்மேல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்துக்குச் சென்று, அம்மகளிர் உண்ட உணவையே விலங்குகட்கு ஊட்டி ஆய்ந்தார். 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் திருவல்லிக்கேணியில் சாதி-கோஷா மருத்துவமனை என்று வழங்கிய மகளிர் மருத்துவமனையில் பணி புரிந்தார். இன்று அது கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குகின்றது. ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சையின் சாறாகிய மார்மைட்டை உண்பித்தபொழுது நோயாளர் தேறினர் என்பதை அவ்வாண்டிலேயே அவர் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த, அன்று பெயரறியாத பொருளை உலகம் சிலகாலம் 'வில்ஸ் காரணி' என்றே வழங்கிற்று. அமெரிக்காவின் டெக்ஸாஸில் 1941-ஆம் ஆண்டில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலைச் சத்து என்று யான் தலைப்பிட்டதும் அதனாலேயே.

அத்திருவல்லிக்கேணியிலேயே, அதற்கும் பல்லாண்டுகட்கு முன்னர், இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றவர். கதராடை அணிந்து சென்றமையால் ஆசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்பர். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், தாய்நாட்டுக்கு மீண்டிலர். அவர் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தார் 1945-ஆம் ஆண்டில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். தம்பியரையும் தமையரையும் கொன்ற அந்நோய்க்கு அவ்வமிலமே மருந்தாயிற்று. இவ்வரலாற்றைப் படித்த அன்றிரவு எனக்குச் சிறிது நேரம் உறக்கம் வரவில்லை.

அவர் அவ்வளவில் நின்றாரல்லர். ஃபோலிக் அமிலத்தின் உருவில் ஒரு சிறு உறுப்பை மாற்றி, அதுபோலவே தோன்றிப் பகையாக நிற்கும் அமினோப்டெரின் என்னும் பொருளையும் அவர்தம் கூடத்தார் ஆக்கினர். நொதி இதனை நட்பென்று எண்ணி ஏற்கும், ஏற்றபின் விடாது, தொழில் நிற்கும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த பதினாறு குழந்தைகட்கு இதனைத் தந்தபொழுது, பதின்மர்க்கு நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அதனை அவர் 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்டார். ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் தம் ஐம்பத்து மூன்றாம் அகவையில் காலமானார். அமினோப்டெரினுக்கு இளையதாகிய மெதோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்கப்படுகின்றது. அது இந்நொதியை, அதற்குரிய இயற்கைப் பொருளினும் ஆயிரம் மடங்குக்கு மேலாக இறுகப் பற்றும் என்பர். கருவுற்றார்க்கு அதனை அறவே விலக்குவர். ஏனெனில், புற்றை நிறுத்துவதைப் போலவே கருவின் வளர்ச்சியையும் அது நிறுத்தும்.

இதனை யான் விரித்ததற்குக் காரணம் உண்டு. இந்நொதியைத் தடுத்தால் யாது நேரும் என்பதை உலகம் எழுபதாண்டுக்கு மேலாக நாள்தோறும் மருத்துவமனைகளிற் கண்டு வருகின்றது. 2011-ஆம் ஆண்டில், பிறவியிலேயே இந்நொதி பழுதுற்ற குழந்தைகள் சிலரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். குருதி குன்றி, வலிப்புக் கண்டு வாடிய குழந்தைகள் அவர். நொதியைத் தடுப்பதும், நொதிக்கு வேண்டும் இலைச் சத்தை ஊட்டாதொழிவதும் பயனில் ஒரே திசையன. முன்னதை நஞ்சு என்று அஞ்சிப் பூட்டி வைக்கின்றோம். பின்னதைப் பற்றிக் கவலையுறுவார் சிலரே.

கவலையுறுவதற்குச் சான்று இல்லையோ எனின், மிகவும் உண்டு. ஏழு நாடுகளில் முப்பத்து மூன்று மருத்துவ நிலையங்களில், முன்னரே இக்குறையுடைய கருவைச் சுமந்த 1817 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1991-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியாயிற்று. கருவுறுமுன்னரே நாளொன்றுக்கு நான்கு மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டவர்க்கு, அக்குறை மீண்டும் நேர்தல் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு குறைந்தது. ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகமெலாம் அறிந்த அதே ஆண்டு அது. அவ்வூர் மகளிர்க்கு அம்முடிவு இன்னும் சென்று சேரவில்லை. அமெரிக்க நாட்டார் 1998-ஆம் ஆண்டு முதல் தம் தானிய மாவிலேயே இதனைக் கலக்க வேண்டுமெனச் சட்டம் செய்தனர். நம் நாட்டிலோ ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ நான்கு என்னும் அளவில் இக்குறை நேர்வதாக ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினோர் கூறுவர். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டக் கணக்கெடுப்பில், நூறு வளரிளம் பருவத்தாருள் முப்பத்தெழுவர்க்கு ஃபோலேட் குறைவு காணப்பட்டது. அவ்வளரிளம் பெண்கள் இன்று எங்கே உளர்? பலர் ஆலைகளில் உளர்.

அரசாங்கத்தார் யாதும் செய்திலர் என்று யான் கூறேன். கூறின் அது பொய்யாம். 2013-ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் வாரந்தோறும் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை வழங்கப்பட்டு வருகின்றது. நீல நிற மாத்திரை. யானும் ஆறாம் வகுப்பு முதல் உண்டவளே. உண்டவள் என்று கூறினும், சில வாரங்களில் அதனைச் சன்னலுக்கு வெளியே எறிந்தவள் என்பதையும் மறையாமற் கூறவேண்டும். அது வயிற்றைக் குமட்டும், நாவில் இரும்பு மணக்கும். கருவுற்ற மகளிர்க்கும் மாத்திரைகள் உள. 2018-ஆம் ஆண்டின் சோகையொழிப்புத் திட்டத்தின் ஏட்டில், கருவுறாத இருபது முதல் நாற்பத்தொன்பது அகவைப் பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. மகப்பேற்றை நோக்கியிருக்கும் மகளிர் கருவுறுமுன்னரே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்ணல் வேண்டும் என்னும் அறிவுரையும் அவ்வேட்டில் உண்டு.

ஏட்டில் உண்டு. என் தமக்கை தங்கியிருந்த விடுதியறையில் எண்மர் இருந்தனர். எண்மருள் ஒருவரேனும் பள்ளியை விட்டபின் நீலத்தையோ சிவப்பையோ கண்டாரல்லர். பள்ளிக்கு ஆசிரியர் உண்டு. கருவுற்றாளுக்குக் கிராமச் செவிலியர் உண்டு. பள்ளியை விட்டவள், கருவுறாதவள், தன் ஊரினின்றும் நூறு காதம் பெயர்ந்து வந்து விடுதியில் உறங்குபவள் எவருடைய பட்டியலில் உள்ளாள்? சொந்த ஊர்ச் செவிலியின் பட்டியலில் அவள் ஊரில் இல்லாதவள். இவ்வூர்ச் செவிலியின் பட்டியலில் அவள் இவ்வூராளல்லள். ஆலையின் பட்டியலில் அவள் ஓர் எண். மேலும், வாரமொருமுறை உண்ணும் மாத்திரையில் 2.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் இருத்தல் நன்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் கூறிய அறிவுரை. நம் வார மாத்திரைக்கு ஏட்டில் வகுத்த அளவோ அரை மில்லிகிராம். சோகைக்கு அஃது உதவலாம். நரம்புக் குழலுக்குப் போதுமென்று கூற எனக்குத் துணிவில்லை.

கீரையுண்டால் ஆகாதோ என்று வினவுவர் என் பாட்டியார் போன்றோர். ஆகும், முருங்கை, சிறுகீரை, பசலை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை யாவும் இச்சத்துடையனவே. ஆயினும் ஆயிரவர்க்குச் சமைக்கும் விடுதியில் கீரை ஆய்வார் யார்? ஆய்ந்தாலும் குழையக் குழைய வேகவைத்து நீரை வடித்துவிடின், சத்திற் பெரும்பகுதி வெப்பத்தாலும் நீரோடும் போய்விடும். விடுதிச் சோற்றின் தரத்தைப் பற்றி யான் புதிதாகக் கூறவேண்டுவதில்லை. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில், விடுதி உணவால் தம் தோழியர் பலர் நோயுற்றது பொறாது, ஆலைப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்ததை நாடறியும். நியாயவிலைக் கடை அரிசியில் இச்சத்தைக் கலக்கும் முறையும் 2024-க்குள் நாடெங்கும் பரவிற்று. அதற்கு வகுத்த அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி உண்பவளுக்கு அதனால் வருவது நாற்பது மைக்ரோகிராமுக்கும் குறைவே. வேண்டுவது நானூறு. இக்கணக்குக்கு ஆனர்ஸ் வகுப்பு வேண்டா.

மருத்துவர் கூறும் தடையொன்று உண்டு, அது மதிக்கத்தக்கது. ஃபோலிக் அமிலத்தை மிகுதியாக உண்பின், பி12 என்னும் மற்றொரு சத்தின் குறைவால் வரும் சோகை மறைந்து, அக்குறையால் நரம்புக்கு நேரும் தீங்கு மறைவில் வளரும் என்பர். மெய்யே. புலாலும் பாலும் அரிதாக உண்பார்க்கு இவ்வச்சம் மிகுதி. அதற்குத் தீர்வு பி12-ஐயும் உடன் தருவதன்றோ? ஒரு சத்தின் குறைவைக் காட்டி மற்றொரு சத்தையும் மறுத்தல் எவ்வாறு முறையாகும்?

பிறிதொரு தடையை மருத்துவர் கூறார், ஊரார் கூறுவர். மணமாகாத பெண்ணின் கைப்பையில் 'கர்ப்ப மாத்திரை' இருப்பதைக் கண்டால் என்ன பேசுவர்! என் தமக்கையின் தோழி ஒருத்தி, மணம் உறுதியான பின் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை, மாமியார் காண்பாரென்று அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள்; பின்னர் அதனை மறந்தும் போனாள். பள்ளியில் நீல மாத்திரையைப் பற்றி இத்தகைய பேச்சு எழுந்ததில்லை. ஏன்? வரிசையில் நின்று எல்லாரும் உண்டோம், ஆண்பிள்ளைகளும் உண்டனர். ஆலையிலும் அவ்வாறே ஆக்குதல் அரிதன்று. வல்லம் வடகாலில் மகளிர்க்கென்றே 18,720 பேர் தங்கும் விடுதியை 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசாங்கத்தார் திறந்தனர். ஒரே கூரைக்கீழ் என்று கூறத்தக்க அளவில் இத்துணைப் பேர் உறைவது, செவிலியர்க்கு வாய்த்த நல்வாய்ப்பு. ஒவ்வொரு சிற்றூராகத் தேடித் திரிய வேண்டுவதில்லை; ஞாயிறு மாலை உணவுக்கூடத்தின் வாயிலில் ஒரு மேசை இட்டால் போதும்.

எனவே யான் வேண்டுவன பெரியன அல்ல. ஆலை விடுதிகள் தோறும் வாரம் ஒருநாள் மாத்திரை வழங்குதல் வேண்டும். அதனை ஆலையின் கருணையாக விடாது, சுகாதாரத் துறையார் தம் பட்டியலில் அப்பெண்களைச் சேர்த்துச் செய்தல் வேண்டும். மணம் பேசியவளுக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரை தனியே தருதல் வேண்டும். அவளை அறிவது எவ்வாறு என்பார்க்கு, எங்கள் திருச்சபைகளில் மணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கின்றனர் என்பதை நினைவூட்டுகின்றேன். ஊரறிய மணமகள் பெயரை உரைக்கும் குருவானவர், ஆலயம் விட்டபின் அவளை அழைத்து இதனையும் கூறலாகாதோ? கூறுவதற்கு நாணினால் அவர்தம் மனைவியார் கூறுவர். பிற சமயத்தார்க்கும் மண்டபம் பதிவு செய்வோரும் பதிவாளர் அலுவலகமும் உள.

பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்களின் வெளுத்த முகத்தைக் கண்டு ஒருவர் ஆராயத் தொடங்கியதாலேயே இச்சத்து உலகுக்குக் கிட்டியது. அதனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிழைத்த குழந்தைகள் எண்ணிலர். ஆலைப் பெண்களிடத்துத் தொடங்கிய கல்வி, ஆலைப் பெண்களிடத்து மீண்டு வருதற்கு நூறாண்டு ஆகின்றது. இதனை எழுதுங்கால் எனக்குச் சினம் மிகுகின்றது; பொறுத்தருள்க.

என் தமக்கை அடுத்த முறை மருத்துவர் கூறியவாறே மூன்று திங்கள் முன்னதாக ஐந்து மில்லிகிராம் மாத்திரையைத் தொடங்கினாள். சென்ற கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது, நலமே. இப்பொழுது தவழ்கின்றாள், என் யாப்பருங்கலக்காரிகையின் ஓர் ஏட்டைக் கிழித்தும் விட்டாள்.

பிறரைக் கூறுமுன் நம்மை நோக்குவோம் என்று, நம் கல்லூரி மகளிர் விடுதியில் என் தளத்திலுள்ள நாற்பத்தொருவரை வினவினேன். பள்ளியை விட்டபின் அம்மாத்திரையை உண்டவர் இருவர். அவ்விருவரும் சோகைக்கென்று உண்டவர். விடுதித் தலைவியாரிடம் இதனைக் கூறினேன். திங்கட்கிழமை இரவுணவின்பொழுது வழங்குதற்கு அவர் இசைந்துள்ளார். மாத்திரைக்கு முன்னதாக ஒரு துளிக் குருதி கொண்டு சோதனை செய்யவும் சுகாதார நிலையத்தார் ஒப்பினர். அவர்கள் கேட்பது பெயர்ப் பட்டியல் ஒன்றே. பெயர் தர விரும்புவோர் இரண்டாமாண்டு ஆனர்ஸ் வகுப்பில் என்னைக் காணலாம். பிற்பகலில் நூலகத்தின் மேல்மாடியில் இருப்பேன்.